காற்புண்ணும் வெண்குழிய வலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சீனி வருத்தக்காரரின் (நீரிழிவு நோயாளரின்) காற்புண் ஆறாதது பற்றி நீங்கள் வெளியிட்ட செய்தி கிருமியை மட்டுமே குற்றம் சொன்னது. அது பாதி உண்மை. நியூட்ரோபில் என்ற, இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெண்குழியங்கள் தம் டிஎன்ஏ (மரபுப்பொருள்) இழைகளையே வலையாக வெளியே வீசிக் கிருமிகளைச் சிக்கவைப்பதை 2004இல் பெர்லின் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். நம் வாவியில் வீச்சுவலை எறிகிற மாதிரித்தான். இரத்தத்தில் சீனி கூடினாலோ இந்த வலை அளவுமீறி விழுந்து, புண் ஆறுவதையே தாமதப்படுத்துகிறது.

களுவாஞ்சிக்குடியில் என் பெரியப்பா, வயலில் முள் குத்திய புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டே இருந்தார், சீனியைக் கவனிக்கவில்லை. அது இறங்கிய பிறகுதான் புண் மூடியது. கிளினிக்கில் சீனி பார்க்கும்போதே செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தையும் பார்த்துவிடலாமே.

வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு