பச்சை எரிந்தால் போதுமா? தசை சென்சார் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தோலில் ஒட்டி, தசை இறுகும்போது எழும் மின்துடிப்பை அளக்கும் தசை சென்சார்கள், சென்சார் தைத்த உடைகள், அவற்றோடு வரும் ஆப்கள் எல்லாவற்றையும் செய்கிற அனைவருக்கும் வணக்கம்.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து வருகிறவர்கள், பக்கவாதத்தில் கை கால் விழுந்தவர்கள், இவர்களோடுதான் என் நாள் போகிறது. உங்கள் கருவிகளுக்கு நான் எதிரி இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரப்போவதில் பெரும்பகுதி குறைதான்.

நல்லதில் தொடங்குவோம். முட்டியில் அறுவை சிகிச்சை ஆனவரிடம், முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, "அதைக் கீழே அழுத்துங்க, தொடையை இறுக்குங்க" என்போம். அவர் பல்லைக் கடிப்பார், மூச்சைப் பிடிப்பார், இடுப்பைத் தூக்குவார், தொடை மட்டும் அப்படியே கிடக்கும். தசைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூட்டில் வீக்கமும் வலியும் இருக்கும்போது, முன்தொடைத் தசைக்குப் போகிற கட்டளையை நரம்பு மண்டலமே அடக்கி வைத்துவிடுகிறது. எதை இறுக்கச் சொல்கிறார்கள் என்பதே அவருக்குப் பிடிபடாது. அந்த நேரத்தில் தொடையின் உட்பக்கம் ஒரு சென்சாரை ஒட்டி, திரையில் கோடு லேசாகத் துள்ளுவதைக் காட்டினால், "ஓ, இதுவா?" என்று பிடித்துக்கொள்கிறார். எத்தனை முறை வாயால் சொன்னாலும் வராதது அது. இந்த யோசனை புதிதும் இல்லை. தசைக்குள் எலக்ட்ரோடு, அதாவது மின்துடிப்பைப் பிடிக்கும் முனை, வைத்து, அதன் மின்துடிப்பைத் திரையில் பார்க்கவும் ஒலியாகக் கேட்கவும் விட்டால், ஒரே ஒரு மோட்டார் யூனிட்டைக்கூட (ஒரு நரம்பு செல்லும் அது இயக்கும் தசை நார்களும் சேர்ந்தது) வேண்டியபோது இயக்கவும் நிறுத்தவும் மனிதர்கள் பழகிக்கொள்கிறார்கள் என்று ஜான் பாஸ்மாஜியன் என்ற ஆய்வாளர் 1963இலேயே எழுதிவிட்டார்.

அப்புறம் என்ன குறை? அந்தக் கோட்டை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஒரு சதவீதத்தையும் ஒரு பச்சை வட்டத்தையும் வைத்திருக்கிறீர்கள்.

எதில் அத்தனை சதவீதம்? "முழு பலத்தோடு இறுக்குங்கள்" என்று முதல் நாள் ஆப் கேட்கிறதே, அந்த அளவில். அறுவை சிகிச்சை ஆனவருக்கு முழு பலம் வராது, வந்தாலும் போடக்கூடாது என்று நாங்களே தடுத்து வைத்திருப்போம். அந்த அரைகுறை இறுக்கத்தை நூறு என்று எழுதிக்கொண்டு, அடுத்தடுத்த வாரங்களில் நூற்றிருபது, நூற்றைம்பது என்று ஏற்றிக் காட்டி பட்டாசு வெடிக்கிறது ஆப். நேற்று 62, இன்று 71 என்பதும் அப்படித்தான். சென்சாரைக் கழற்றி மறுநாள் ஒரு விரற்கடை தள்ளி ஒட்டினாலே எண் மாறிவிடும். தோலுக்கு மேல் கிடைப்பது மைக்ரோவோல்ட்டிலிருந்து சில மில்லிவோல்ட் வரைக்குமான சமிக்ஞை. நடுவில் கொழுப்பு கூடினால் அது குறையும், பக்கத்துத் தசையின் சமிக்ஞையும் வந்து கலக்கும். அதனால்தான் செனியம் என்ற ஐரோப்பியத் திட்டம் 1990களின் பிற்பாதியில் உட்கார்ந்து, எந்தத் தசைக்கு எந்த எலும்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் ஒட்டுவது, இரண்டு எலக்ட்ரோடுக்கு நடுவே 20 மில்லிமீட்டர் இடைவெளி, தோலை எப்படித் துடைப்பது என்று எழுதி வைத்தது. உங்கள் பெட்டிக்குள் இருப்பதோ தொடையின் படமும் அதன் மேல் ஒரு நீலப் புள்ளியும்.

ஒரு நாள் பார்த்தது. வியர்வையில் சென்சார் பட்டை ஒரு ஓரம் கழன்று ஆடிக்கொண்டிருக்கிறது, கால் சும்மா நீட்டிக் கிடக்கிறது, ஆப் பச்சையில் "அருமை, தொடருங்கள்" என்கிறது. இது எப்படி நடக்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எலக்ட்ரோடு சரியாக ஒட்டாதபோது வீட்டு மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் புகுந்துவிடும், தசையின் சமிக்ஞை இருக்கிற 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரம்புக்குள்ளேயே அதுவும் உட்கார்ந்திருக்கிறது. தொடர்பு சரியில்லை என்பதைக் கருவியால் கண்டுபிடிக்க முடியும். முடிந்தும் சொல்லவில்லை என்றால், திரையில் எண் இல்லாமல் இருப்பது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். எண் வேண்டாம், "சென்சார் சரியாக ஒட்டவில்லை, இப்போது என்னால் சொல்ல முடியாது" என்று எழுதிக் காட்டுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அதைவிட முக்கியமானது, கூடினால் பச்சை என்ற உங்கள் கணக்கு. ஒரே சுமையைப் பிடித்துக்கொண்டே இருந்தால், தசை களைக்கக் களைக்க உடல் புதுப்புது மோட்டார் யூனிட்டுகளை இழுத்துப்போடும், சமிக்ஞை பெரிதாகும். அதாவது ஆள் சோர்ந்துகொண்டிருப்பதை ஆப் முன்னேற்றம் என்று காட்டும். (அதே நேரத்தில் அதிர்வெண் சரியும், அதைக் கணக்கிட உங்களிடம் தரவு ஏற்கெனவே இருக்கிறது.) பக்கவாதம் வந்த கையில் மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒன்றாக இறுகி முழங்கையைப் பூட்டிவிடும். அவருக்குப் பாடமே மடக்கும் தசையை விடுவிப்பதுதான். கழுத்துவலிக்காரருக்கும் தோள் மேல் தசை அடங்க வேண்டும். இடுப்புத்தளத் தசையில் சிலருக்குச் சிக்கலே இறுக்கம் தளராததுதான். இவர்களிடம் "இன்னும் கொஞ்சம்! இன்னும் கொஞ்சம்!" என்று ஆரவாரம் செய்கிற ஆப்பை நாங்கள் எங்கே வைத்துக்கொள்வது? இலக்கு ஏற்றமா இறக்கமா, எந்தத் தசை வேலை செய்யும்போது எது சும்மா இருக்க வேண்டும் என்பதைச் சிகிச்சை தருபவர் தீர்மானிக்க ஒரு வழி விடுங்கள்.

"நிகழ்நேரம்" பற்றியும் ஒரு வார்த்தை. சமிக்ஞையைச் சமன்படுத்த எடுக்கும் நேரம், புளூடூத் எடுக்கும் நேரம், திரை எடுக்கும் நேரம் எல்லாம் சேர்ந்துதான் பச்சை எரிகிறது. மெதுவாகச் செய்யும் பயிற்சிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. குதித்து இறங்கும்போது முட்டியைக் காக்கும் என்று விளம்பரம் செய்கிறீர்களே, பாதம் தரையைத் தொட்டுச் சில பத்து மில்லிவினாடிகளில் முடிந்துபோகிற காரியத்துக்குத் திரையைப் பார்த்து யார் தொடையை இறுக்குவது?

கடைசியாக, வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள் உங்கள் ஆப்புக்கு. சல்மோனி, ஷ்மிட், வால்டர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1984இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது இன்றும் எங்களுக்கு உதவுகிறது. ஒவ்வொரு முறையும் முடிவைச் சொல்லிக்கொண்டே இருந்தால் பயிற்சி நேரத்தில் நன்றாகச் செய்வார்கள், சொல்வதை நிறுத்தியதும் சறுக்குவார்கள். எல்லா அசைவிலும் இது ஒரே மாதிரி இல்லை, கடினமான அசைவைப் பழகும் தொடக்கத்தில் நிறையவே சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் முட்டியைப் பார்க்காமல் திரையையே பார்த்து இறுக்கப் பழகியவர், போனில் சார்ஜ் தீர்ந்ததும் "சார், இப்ப சரியா வருதா?" என்று என்னைக் கேட்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். முதல் வாரம் ஒவ்வொரு முறையும், பிறகு மூன்றுக்கு ஒரு முறை, பிறகு கேட்டால் மட்டும், இப்படிக் குறைத்துக்கொண்டே போகும் ஓர் அமைப்பு வையுங்கள். முதலில் அவரே "நன்றாக வந்தது" அல்லது "வரவில்லை" என்று சொல்லட்டும், அப்புறம் கோட்டைக் காட்டுங்கள். ஆப்பில் செலவிடும் நேரம் குறையும், உங்கள் விற்பனைப் பிரிவுக்கு அது பிடிக்காது, தெரியும்.

இன்னொன்று. தால்மிக் லேப்ஸ் நிறுவனம், முன்கைத் தசையின் சமிக்ஞையைப் படிக்கும் தன் மயோ கைப்பட்டையை 2018இல் நிறுத்தியபோது, செயற்கைக் கை ஆய்வுகளில் அதை நம்பியிருந்தவர்கள் வேறு கருவி தேட வேண்டியதாயிற்று. உங்களில் எத்தனை பேர் இன்னும் சில வருடம் இருப்பீர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் வடிகட்டாத சமிக்ஞையை ஒரு சாதாரண கோப்பாக இறக்கிக்கொள்ள விடுங்கள், கணக்குத் தொடங்காமலும் சந்தா கட்டாமலும் கருவி வேலை செய்யட்டும். இதில் எதையாவது அடுத்த பதிப்பில் போட்டால் சொல்லுங்கள், சோதித்துப் பார்த்து எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்