பவளத் தொட்டிக்கு விளக்கு செய்யும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

நாங்கள் இங்கு சிங்கப்பூரில் நலம். பெர்த்தில் உன் நலமறிய ஆவல். நீ அனுப்பிய, உயிர்ப்பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியின் வரைபடத்தை அப்பா பெரிய தாளில் அச்செடுத்துக் கொடுத்தார். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். மேலே நீயே செய்யப்போகும் விளக்கில் மூன்று வாட் எல்இடிகள் 96. புதிய வீட்டின் சாவி கைக்கு வருவதற்குள் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிவிடத் துடிக்கிறாய். அங் மோ கியோ மின்னணுத் தொழிற்சாலையில் சால்டரிங் இரும்பும் கையுமாகக் காலம் தள்ளியவள் என்பதால் என் கருத்தைக் கேட்டிருக்கிறாய், ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த விளக்கு தேவைக்கு மேல் பெரியது. எந்தப் பவளத்தை வளர்ப்பது என்று முடிவு செய்வதற்கு முன்பே அதை வரைந்துவிட்டாய்.

பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடுவதால், ஆழத்துக்கு இறங்கும் நீல ஒளியைப் பயன்படுத்தவே அந்தப் பாசி பழகியிருக்கிறது. 450 நானோமீட்டர் அளவிலுள்ள ராயல் புளூ எல்இடிகளை எல்லோரும் தேடுவதற்குக் காரணம் இதுதான். வாட் கணக்கு பவளத்துக்குத் தெரியாது. ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன என்பதே அதற்குப் பொருட்டு. அதைத்தான் பார் (PAR) அளவு என்கிறோம். அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்களுக்கு 200 முதல் 350 வரை வேண்டும். யூஃபிலியா போன்ற சதைப்பற்றுள்ளவற்றுக்கு 75 முதல் 150 வரை இருந்தாலே போதும். காளான் பவளங்கள் அதற்கும் கீழே நிம்மதியாக வாழும். நீ அனுப்பிய ஆசைப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் யூஃபிலியாவும் காளானும்தான். அவற்றின் தலைக்கு மேல் 96 எல்இடிகளை முழு வேகத்தில் எரித்தால், மிகுதியான ஒளியைச் சமாளிக்க முடியாத பாசி நச்சு ஆக்சிஜனை உண்டாக்கும். பவளமும் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்து நிற்கும். நீரும் சூடாக இருந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும். 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் நம் கடல் சூடேறியபோது தெற்குத் தீவுகளில் பவளங்கள் வெளுத்ததற்கும் இந்த இரண்டின் கூட்டுதான் காரணம்.

இன்னொன்றையும் கவனி. சிஸ்டர்ஸ் தீவுகளையும் புலாவ் ஹந்துவையும் சுற்றியுள்ள நீர் கலங்கலாக இருப்பதை நீயே பார்த்திருக்கிறாய். எட்டு மீட்டர் ஆழத்தைத் தாண்டினால் அங்கே பவளம் அரிது என்னும் அளவுக்கு வெளிச்சம் குறைவு. இருந்தும் ஏறத்தாழ 250 வகைக் கல் பவளங்கள் சிங்கப்பூர்க் கடலில் வாழ்கின்றன. கண்ணைக் கூசும் ஒளி இல்லாவிட்டால் பவளம் வளராது என்று உனக்கு யார் சொன்னார்களோ, அவர்கள் விளக்கு விற்பவர்களாக இருக்க வேண்டும்.

ஆகவே எல்இடிகளை 48 ஆகக் குறை. 24 ராயல் புளூ, 12 வெள்ளை, மிச்சம் 12 இடத்தில் ஊதாவும் சியானும் (நீலப்பச்சை) கலந்து வை. பன்னிரண்டு பன்னிரண்டாக நான்கு தொடர்கள். ஒவ்வோர் எல்இடியும் 700 மில்லியாம்பியரில் சுமார் 3.2 வோல்ட் எடுக்கும். ஒரு தொடருக்கு 38 வோல்ட் சொச்சம். 48 வோல்ட் மின்வழங்கியோடு, மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருக்கும் மீன்வெல் எல்டிடி-700எச் டிரைவர் தொடருக்கு ஒன்றாக நான்கு வைத்தால் கணக்கு சரியாக வரும். மொத்தச் சுமை 110 வாட்டைத் தாண்டாது என்பதால் 150 வாட் வழங்கி சூடேறாமல் வேலை செய்யும். டிரைவர் செலவை மிச்சப்படுத்த இரண்டு தொடர்களை ஒரே டிரைவரில் பக்கஇணைப்பாகக் கோக்காதே. எல்இடிகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு தொடர் அதிக மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு முதலில் எரிந்துபோகும், பிறகு மொத்த மின்னோட்டமும் மற்றதன் தலையில் விழும். உதிரிப் பாகங்களுக்குச் சிம் லிம் டவரில் ஏறி இறங்கினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். நான் போய் விலை கேட்டு வைக்கிறேன்.

சால்டரிங்கைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வீட்டில் செய்யும் விளக்குகள் பெரும்பாலும் அங்கேதான் கெடுகின்றன. எல்இடி அமர்ந்திருக்கும் நட்சத்திர வடிவப் பலகையின் அடிப்பாகம் அலுமினியம். நீ வைக்கும் சூட்டையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கில் ஒட்டிய பிறகு சால்டர் செய்ய முயன்றால் அந்த முழு அலுமினியத் தகட்டையும் சூடாக்க வேண்டியிருக்கும். அதனால் ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு முனையிலும் ஈயத்தைப் படியவிடு. கம்பியின் நுனியிலும் அப்படியே செய். ஊசி நுனியை எடுக்காமல் உளி போன்ற அகல நுனியை எடு. வெள்ளீயமும் காரீயமும் 63/37 விகிதத்தில் கலந்த சால்டர் ஈயம் 183 டிகிரியில் உருகும். கம்பியையும் முனையையும் ஒன்றாகச் சூடாக்கி, ஈயம் தானாகப் பாய்ந்து இரண்டையும் தழுவிய பிறகே இரும்பை எடுக்க வேண்டும். நல்ல இணைப்பு பளபளப்பாகவும் ஓரத்தில் குழிந்து சரிந்தும் இருக்கும். மங்கலாக உருண்டு நின்றால் அது பொய் இணைப்பு. இன்று எரியும், ஆறு மாதத்தில் விட்டுவிட்டு எரியும். எல்லாம் முடிந்ததும் மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு முனைக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை உறுதி செய். டிரைவருக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும்போது எல்இடி தொடரை ஒருபோதும் செருகாதே. திறந்த முனையில் ஏறி நிற்கும் மின்னழுத்தம் ஒரு கணத்தில் பாய்ந்து எல்இடிகளைத் தீய்த்துவிடும்.

230 வோல்ட் பக்கம் நீ கை வைக்க வேண்டாம். வீட்டில் புதிய இணைப்பு தேவையென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைப்போம். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியைச் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொள். தொட்டிக்குப் போகும் ஒவ்வொரு கம்பியும் பிளக்கை அடையும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். கம்பி வழியே வழியும் உப்புநீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

பெர்த்தில் உன் அறைக்குள் இருக்கும் குளிர் இங்கே கிடையாது. நம் வீட்டு நீர் தானாக 29, 30 டிகிரியில் நிற்கும். பவளத்துக்கு 26 வேண்டும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கியே ஆக வேண்டும், அது தொட்டியிலிருந்து எடுக்கும் சூட்டை வெளியே தள்ளுவதற்குக் காற்றோட்டமான இடமும் வேண்டும். மரப்பெட்டிக்குள் அடைத்தால் தன் சூட்டைத் தானே மறுபடி இழுத்துக்கொண்டு ஓயாமல் ஓடும். மின்கட்டணத்தில் விளக்கைவிடச் சில்லரே பெரிதாகத் தெரியும், விளக்கின் சூடு கூடினால் அதன் வேலையும் கூடும் என்பதும் 96 எல்இடிகளை நான் மறுப்பதற்கு இன்னொரு காரணம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது எடைதான். உன் தொட்டி நிறைய நீர் பிடித்தால் சுமார் 450 லிட்டர். கண்ணாடி, பாறை, மேசை, கீழேயுள்ள வடிகட்டும் தொட்டியான சம்ப் எல்லாம் சேர்த்தால் 650 கிலோவைத் தாண்டும். அத்தனையும் முக்கால் சதுர மீட்டர் இடத்தில் நிற்கும். குடியிருப்புத் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்னும் பரவலான சுமைக்கே வடிவமைக்கிறார்கள். உத்திரத்துக்கு அருகில் வைத்தால் தாங்கும், தாங்காது என்று வாய்க்கு வந்தபடி பேசாமல், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் வீட்டின் வரைபடத்தைக் காட்டிக் கேள். உயரத்தை ஒன்றரை அடியாகக் குறைத்தால் நீர் 340 லிட்டராக இறங்கும். ஒளியும் அடிவரை எளிதாகப் போகும். பாறை இடுக்கில் சிக்கிய எதையும் நீ நாற்காலி போடாமல் எடுக்கலாம். என் ஓட்டு அதற்கே.

நீரைப் பற்றி நீ படித்திருப்பாய். இங்கே குழாய்நீரில் இருப்பது குளோரமின். பாத்திரத்தில் பிடித்து வைத்தால் ஆவியாகிப் போகாது, நல்ல கார்பன் வடிப்பானோடு ஆர்ஓ கருவி வேண்டும். புதிய தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு இறங்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பவளம் வேண்டாம். பிறகு முதல் பவளங்களை வைக்கும்போது விளக்கை மூன்றில் ஒரு பங்கு ஆற்றலில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாக ஏற்று.

அங்கிருந்து வரும்போது அழகாக இருக்கிறதென்று ஒரு துண்டுப் பவளத்தைக்கூடப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடாதே. கல் பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை; தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி இறக்குமதி செய்ய முடியாது. இங்கே உரிய வழியில் வாங்கிக்கொள்ளலாம்.

தொட்டிக்கு முன்பணம் கட்டும் முன் இரண்டு விவரங்களை எழுது: வரவேற்பறையில் எந்தச் சுவரோரம் வைக்கப்போகிறாய், அந்தச் சுவரிலிருந்து சன்னல் எத்தனை அடி. பொறியாளரிடம் பேசுவதற்கு அப்பா நாள் குறித்து வைத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா