முன்னிலை பெற்ற பின் வரும் தயக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய உதைபந்தாட்ட அணிகளின் பயிற்றுநர்கள் பெரிய சுற்றுப்போட்டிகளில் கடைப்பிடிக்கும் எச்சரிக்கையான ஆட்டமுறையை ஆதரித்துத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். 2016 முதல் 2024 வரை இங்கிலாந்து அணியை நடத்திய கரேத் சவுத்கேட், 1966இல் உலகக் கிண்ணத்தை வென்றதன் பின்னர் எந்த இறுதியாட்டத்தையும் காணாதிருந்த அவ்வணியை இரண்டு ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டங்களுக்குக் கொண்டுசென்றார் என்பதும், ஆகவே அவரது நிதானத்தைக் குறைகூறுவோர் பெறுபேறுகளைப் பார்த்துப் பேசவேண்டும் என்பதும் கட்டுரையாளரின் வாதம். பெறுபேறுகளை நான் மறுக்கவில்லை. அந்த இரண்டு இறுதியாட்டங்களும் எவ்வாறு கைநழுவின என்பதைக் கட்டுரை தொடாமலே முடிந்துவிட்டது என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எச்சரிக்கைக்கு நியாயமான காரணங்கள் உண்டு. கழகப் பயிற்றுநரைப்போல் தேசிய அணியின் பயிற்றுநருக்கு வீரர்கள் நாளாந்தம் கிடைப்பதில்லை. ஆண்டில் சில வாரங்களே கிடைக்கும் நிலையில், தாக்குதல் ஆட்டத்தின் ஒத்திசைவைப் பழக்குவதைவிடத் தடுப்பை ஒழுங்குபடுத்துவது இலகு. அத்துடன் நொக்அவுட் சுற்றில் ஒரு தவறுக்கே வீடு திரும்பவேண்டி வரும். ஒட்டோ ரெஹாகல் பயிற்றுவித்த கிரேக்க அணி 2004இல் பிரான்ஸ், செக் குடியரசு, போர்த்துக்கல் ஆகிய மூன்று அணிகளையும் 1–0 என்ற ஒரே கணக்கில் அடுத்தடுத்து வீழ்த்தி ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்தது. தன்னிடம் இருந்த வீரர்களைக் கொண்டு அந்த அணி வேறு எவ்வாறு ஆடியிருக்க முடியும்? 2010இல் உலகக் கிண்ணத்தை வென்ற ஸ்பெயினும் ஏழு ஆட்டங்களில் எட்டுக் கோல்களையே அடித்தது. நொக்அவுட் சுற்றின் நான்கு வெற்றிகளும் 1–0 தான். ஆனால் ஸ்பெயின் பந்தைத் தன் காலில் வைத்துக்கொண்டு முன்னிலையைக் காத்தது. பந்தை எதிரணியிடம் விட்டுவிட்டுத் தன் கோல் கம்பங்களுக்கு முன்னால் ஒதுங்கி நிற்பது முற்றிலும் வேறு காரியம். இவ்விரண்டுக்கும் எச்சரிக்கை என்ற ஒரே பெயரைச் சூட்டிய இடத்தில்தான் கட்டுரை வழிதவறியது என்று நினைக்கிறேன்.

2021 ஜூலை 11ஆம் திகதி லண்டனின் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் நமது நேரப்படி நள்ளிரவு கடந்து பன்னிரண்டரை மணிக்குத் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலம் ஆதலால் நானும் என் மகனும் மட்டும் விழித்திருந்து பார்த்தோம். இரண்டாவது நிமிடத்தில் இங்கிலாந்தின் லூக் ஷோ கோல் அடித்தார். சொந்த அரங்கில், சொந்த மக்களின் ஆரவாரத்தின் நடுவில், அதைவிட நல்ல தொடக்கம் எந்த அணிக்கும் வாய்க்காது. அதன் பின்னர் இங்கிலாந்தின் பின்கள வரிசை மெல்ல மெல்லத் தன் கோலை நோக்கி நகர்ந்தது. இத்தாலியின் மத்தியகள வீரர்கள் பந்தை ஆறுதலாகக் கைமாற்றிக்கொண்டிருந்தனர். இத்தாலியின் பயிற்றுநர் ரொபேர்ட்டோ மன்சினி 55ஆவது நிமிடம் முடிவதற்குள் மத்தியகளத்தில் ஒருவரையும் முன்களத்தில் ஒருவரையும் மாற்றிவிட்டார். 67ஆவது நிமிடத்தில் இத்தாலியின் பொனுச்சி கோலைச் சமப்படுத்தினார். இங்கிலாந்தின் முதல் மாற்று வீரர் களமிறங்கியது அதன் பின்னரே, 70ஆவது நிமிடத்தில். ஆட்டம் கையைவிட்டுப் போவதைப் பார்த்திருந்தும், கோல் விழுந்த பின்னரே அசைந்த அந்தப் பதினைந்து நிமிடங்களைத்தான் நான் தயக்கம் என்கிறேன்.

சமநிலையில் நின்ற அந்த ஆட்டத்தை இத்தாலிக்குக் கொடுத்த தண்ட உதைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். மேலதிக நேரத்தின் கடைசிக் கணத்தில், உதைப்பதற்காகவே, இங்கிலாந்தின் மார்க்கஸ் ரஷ்போர்ட்டும் ஜேடன் சான்சோவும் இறக்கப்பட்டனர். ரஷ்போர்ட்டின் பந்து கம்பத்தில் பட்டது. சான்சோவின் உதையையும், அப்போது 19 வயதே ஆகியிருந்த புகாயோ சாகாவின் உதையையும் இத்தாலியின் கோல் காப்பாளர் டொன்னரும்மா தடுத்தார். 2014 உலகக் கிண்ணத்தில் நெதர்லாந்துப் பயிற்றுநர் லூயிஸ் வான் கால் இதேபோலக் கடைசி நிமிடத்தில் இறக்கிய டிம் குருல் கொஸ்ரரிக்காவின் இரண்டு உதைகளைத் தடுத்தாரே என்று சிலர் கேட்கலாம். குருல் கோல் காப்பாளர். அவர் காத்திருந்து பாயவேண்டியவர். பந்தை உதைக்கவேண்டியவரோ களத்தில் ஓடி, வியர்த்து, பந்தின் பாரத்தைக் காலில் உணர்ந்திருக்கவேண்டும். சவுத்கேட் அன்றே அந்தத் தெரிவுகளுக்கான முழுப் பொறுப்பையும் தன்மேல் ஏற்றுக்கொண்டார் என்பது அவரது பண்பைக் காட்டுகிறது. 1996இல் வீரராக ஆடியபோது ஜேர்மனிக்கு எதிராகத் தானே ஒரு தண்ட உதையைத் தவறவிட்ட வேதனையை அறிந்தவர் அவர். ஆனாலும் அன்றிரவு அந்த மூன்று இளைஞர்கள்மீதும் கொட்டப்பட்ட நிறவெறி வசைகளை எண்ணும்போது, அந்தப் பாரம் ஏன் அவர்கள் தோளுக்கு வந்தது என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

வெம்பிளி ஒரு தனித்த இரவாக இருந்திருந்தால் இவ்வளவு எழுதமாட்டேன். 2018 உலகக் கிண்ண அரையிறுதியிலும் ஐந்தாவது நிமிடத்தில் முன்னிலை பெற்ற இங்கிலாந்து, அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களிலும் மேலதிக நேரமும் தண்ட உதைகளும் கடந்து களைத்து வந்திருந்த குரோஷியாவிடம் 2–1 எனத் தோற்றது. 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் ஸ்லோவாக்கியாவிடம் ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது முன்கள வீரர் ஐவன் டோனி களமிறங்கியது 94ஆவது நிமிடத்தில். பெலிங்காம் அந்தரத்தில் பாய்ந்து அடித்த கோல் அணியைக் காப்பாற்றியபின், மேலதிக நேரத்தின் தொடக்கத்தில் ஹரி கேனின் வெற்றிக் கோலுக்குத் தலையால் பந்தைக் கொடுத்தவர் அதே டோனி. அவ்வளவு பயன்படக்கூடிய ஒருவர் தொண்ணூறு நிமிடங்களுக்கு மேல் ஓரத்தில் அமர்ந்திருந்தார். பெர்லினில் ஸ்பெயினுக்கு எதிராக நடந்த அதே கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் மாற்று வீரராக வந்த கோல் பால்மர் 73ஆவது நிமிடத்தில் சமப்படுத்திய பின்னரும் இங்கிலாந்து மேலேறி ஆடவில்லை. 86ஆவது நிமிடத்தில் ஸ்பெயினின் ஒயார்சபால் முடித்துவைத்தார்.

எச்சரிக்கையான பயிற்றுநர் என்று உலகமே சொல்லும் பிரான்ஸின் டிடியே டெஷாம்ப் 2022 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் என்ன செய்தார் என்பதைக் கட்டுரையாளர் ஒருகணம் நினைத்துப் பார்க்கவேண்டும். ஆர்ஜென்டீனாவுக்கு எதிராக இரண்டு கோல்கள் பின்தங்கியதும், இடைவேளைவரைகூடக் காத்திராமல், 41ஆவது நிமிடத்தில் முன்கள வீரர்களான ஜிரூவையும் டெம்பெலேயையும் வெளியே அழைத்தார். அந்த ஆட்டம் 3–3 வரை போய்த் தண்ட உதையில்தான் பறிபோனது. தோற்றாலும், தன் திட்டம் பிழைத்தது என்பதை உரிய நேரத்தில் ஒப்புக்கொண்ட பயிற்றுநரை அங்கே கண்டேன்.

இதை வெளியிலிருந்து நின்று சொல்லவில்லை. மீள்குடியேற்றத்துக்குச் சில ஆண்டுகளின் பின்னர், பாதி மணலும் பாதி நெருஞ்சியுமான திடலில் பழகி, ஒரே சோடிச் சப்பாத்தை இருவர் மாறி மாறி அணிந்த, நான் பயிற்றுவித்த 17 வயதுக்குட்பட்ட அணி, மாகாண மட்டப் போட்டிவரை வந்தது. இடைவேளையில் 1–0 என முன்னிலை. நான் முன்களத்தில் ஓடிய பிள்ளையை வெளியே எடுத்து மேலதிகமாக ஒரு பின்கள வீரரை விட்டேன். அந்தப் பிள்ளை அதுவரை எதிரணியின் இரண்டு பின்கள வீரர்களைத் தன்னோடு கட்டிப்போட்டிருந்தான் என்பது அவன் வெளியே வந்தபின்தான் எனக்குப் புரிந்தது. காவலுக்கு ஆளில்லாமற்போன அந்த இருவரும் மேலேறி வந்து எங்கள் பக்கத்தை நிரப்பினார்கள். கடைசிப் பத்து நிமிடங்களில் இரண்டு கோல்கள் விழுந்தன. திரும்பி வரும்போது பேருந்தில் அவன், "சேர், நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டான். பிழை என்னுடையது என்று சொன்னேன். அவன் நம்பினானா என்பது தெரியாது.

முல்லைத்தீவுக் கரையிலும் கிளிநொச்சியிலும் மன்னாரிலும் இப்போது பயிற்றுவிக்கும் இளையவர்கள் இந்த ஐரோப்பிய ஆட்டங்களை விழித்திருந்து பார்த்து, அங்கே கண்டதை மாலையில் திடலில் செய்துபார்க்கிறார்கள். கடந்த சில ஆண்டுகளாக நம் கழகச் சுற்றுப்போட்டிகளில் ஒரு கோல் அடித்தவுடன் பத்துப்பேரும் பின்னுக்கு வந்து நிற்பதையும், பயிற்றுநர் கையைக் காட்டி இன்னும் இன்னும் பின்னுக்கு அழைப்பதையும் அடிக்கடி காண்கிறேன். இறுதியாட்டம்வரை சென்றதே போதுமான சான்று என்று தங்கள் பத்திரிகை எழுதினால் அவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உள்ளூர்ப் போட்டிகளின் செய்திகளில் கோல் அடித்தவரின் பெயரோடு, மாற்று வீரர்கள் எந்த நிமிடத்தில், எந்தக் கோல் நிலையில் இறக்கப்பட்டனர் என்பதையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடுங்கள். இங்கே அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துப் படிக்கும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். நானும் வெட்டி வைப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
ஒட்டுசுட்டான்.