ஒரு நாள் கடலுக்குப் போய் வந்தேன்

அன்பு மக்ளே,

இயேசுவுக்குப் புகழ். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகம்தானே? அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை நான் கடலுக்குப் போனேன். ஒக்கிப் புயல் அடித்த அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு உன் கையைப் பிடித்துக் கொடுத்த வாக்கை ஒரு நாளைக்கு மீறிவிட்டேன். அடுத்தவர் வாயிலிருந்து நீ கேட்கக் கூடாது. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பொழியூர்க்காரர் ஒருவர், ஆசைக்குத் தூண்டில் போட வருகிறவர்களுக்குப் போட்டை நாள் வாடகைக்கு விடுகிறார். அன்றைக்கு அவருடைய போட்டை ஓட்டுகிற ஸ்ராங்குக்குக் காய்ச்சல். கடலடிப் பாறையான பார் கிடக்கிற இடம் தெரிந்த ஆள் வேண்டும் என்று நீரோடி தாண்டி நம் வீட்டுக்கே வந்துவிட்டார். சரி என்று சொன்ன பிறகுதான் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அம்மா ஒன்றும் பேசவில்லை. கட்டன்காப்பி போட்டு பிளாஸ்கில் ஊற்றி, ஜெபமாலையையும் பையில் வைத்துக் கொடுத்தாள்.

விழிஞ்ஞத்திலிருந்து விடியுமுன் நாலரைக்குப் புறப்பட்டோம். வந்தவர்கள் திருவனந்தபுரத்துப் பையன்கள் நாலு பேர். ஏறினவுடனே எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டுத்தான் எஞ்சினைத் தொட்டேன். போட்டில் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் இருந்தது. போன் எடுக்காத தூரத்திலும் செயற்கைக்கோள் வழியாகப் புயல் சேதி வந்துவிடும், நாமும் ஆபத்து என்று தெரிவிக்கலாம். சின்னப் பெட்டிதான். அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். 2017 நவம்பரில் நம் போட்டுகளில் இது இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வெளுத்ததும் கணியம் பார்த்தேன். உனக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? கரையில் முன்னால் ஒரு கோபுரம், அதற்குப் பின்னால் ஒரு மலை, இரண்டும் ஒரே நேராக வந்தால் ஒரு கோடு. வேறு பக்கத்தில் இன்னொரு ஜோடி பார்த்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் அடியில் பார் இருக்கும். ஜிபிஎஸ் காலத்தில் யாருக்கு இது வேண்டும்? ஆனாலும் கண் தானாகக் கரையைத்தான் தேடியது. உன் தாத்தா காட்டித்தந்த அடையாளங்களுக்கு முன்னால் இப்போது விழிஞ்ஞம் துறைமுகத்துக் கிரேன்கள் வரிசையாக நிற்கின்றன. பின்னால் அகஸ்தியர்கூடம் மட்டும் பழைய இடத்திலேயே நீலமாக நிற்கிறது. மலையையும் கடைசிக் கிரேனையும் சேர்த்துப் புதுக் கணியம் ஒன்று எடுத்துக்கொண்டேன். அடி ஆழம் காட்டுகிற எக்கோ சவுண்டரில் பார் ஏறிவந்து நான் நினைத்த இடத்திலேயே நின்றது. இத்தனை வருஷம் கழித்தும் கண் தவறவில்லை மக்ளே. அதை உன்னிடம் சொல்லவேண்டும் போல இருந்தது.

பையன்கள் முதலில் ஒரு களவாய் மீன் பிடித்தார்கள். போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பக் கடலில் விடப்போனார்கள். நல்ல மனசுதான். ஆனால் ஆழத்திலிருந்து சட்டென்று இழுத்து ஏற்றினால் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை ஊதிவிடும், அப்படியே விட்டால் கீழே இறங்க முடியாமல் மேலே மிதந்தே செத்துப்போகும். அதனால் வேண்டாம் என்று தடுத்தேன். அடுத்து வந்த பாரை மீன் குட்டி மேல்தண்ணீரில் மாட்டினது. அதைக் கையை நனைத்துப் பிடித்து விடச் சொன்னேன். சொன்னபடியே செய்தார்கள்.

பத்து மணி வாக்கில் தெற்கே மீனைத் துரத்தி ஆலாப் பறவைக் கூட்டம் விழுந்து எழும்பியது. நீவாடு, அதாவது நீரோட்டம் பார்த்து, எஞ்சினை அடக்கி, கூட்டத்தின் முன்பக்கமாகப் போட்டைக் கொண்டுபோனேன். ஒருவன் வீசினான். ரீல் அலறிக்கொண்டு ஓடியது. அரை மணி நேரம் கழித்து மேலே வந்தது கேரைச் சூரை. முதுகு கறுநீலம், வால் பக்கத்துச் சின்னத் துடுப்புகள் எல்லாம் மஞ்சப்பொடி தடவினது போல. நான் செவுளுக்குப் பக்கத்தில் கீறி ரத்தத்தை வடியவிட்டு, உடனே ஐஸில் இறக்கினேன். இதன் உடம்பு மற்ற மீன்களைப் போல இல்லை, போராடப் போராடச் சூடேறும். ஐஸ் தாமதித்தால் தசை வெந்தது போல வெளுத்துவிடும், விலையும் போய்விடும். கீறின இடத்தில் விரலை வைத்தபோது அந்தச் சூடு தெரிந்தது. நீளக் கயிற்றில் நிறையத் தூண்டில் கட்டின ஆயிரங்கால் தூண்டிலில் உன் சித்தப்பாவும் நானும் எத்தனை கேரை ஏற்றியிருப்போம். மீன் ஏறினதும் அவன் முதலில் இப்படித்தான் கையை வைத்துப் பார்ப்பான்.

அப்புறம் எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். பையன்களிடம் காரணம் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஜெபமாலையில் பத்து மணிகளை உருட்டி ஜெபம் சொன்னேன். ஒக்கியில் கடலோடு போன உன் சித்தப்பாவை ஒரு பெட்டியில் வைத்து நம்மால் அடக்கம் செய்ய முடியவில்லை, கல்லறைத் தோட்டத்தில் அவன் பெயர் மட்டும்தானே இருக்கிறது. இத்தனை நாளும் சாயங்காலம் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன் என்பது உனக்குத் தெரியாது. நீ லீவுக்கு வரும்போதெல்லாம் பிள்ளையை மணலுக்கே விடுவதில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை, நான்தான் உனக்கு அப்படிக் காட்டிவிட்டேன்.

மூன்று மணிக்குக் கரை சேர்ந்தோம். எனக்குக் கூலியோடு கேரையில் ஒரு துண்டும் தந்தார்கள். அம்மா தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள். ராத்திரி நல்ல தூக்கம்.

அடுத்த மாதமும் ஒரு நாள் கூப்பிட்டிருக்கிறார். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். நீ வேண்டாம் என்றால் போகமாட்டேன். ஆனால் கிறிஸ்துமஸுக்கு வரும்போது பிள்ளையை என்னோடு ஒரு நாள் காலையில் கரைமணலுக்கு அனுப்பு. மலை எது, கோபுரம் எது என்று அவனுக்குக் காட்டித்தரவேண்டும்.

அன்புடன்,
அப்பா