திமிர் என்றார்கள், அடக்கம் என்றார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் வந்தால் உங்கள் நாளிதழில் ஆட்டிசம் பற்றி ஒரு கட்டுரையாவது வருகிறது. நான் விடாமல் படிக்கிறேன். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கவில்லையா, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா, தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று எழுதுகிறீர்கள். அவசியம் எழுத வேண்டியதுதான். ஆனால் நாற்பது வருடத்துக்கு முன்னால் இப்படி இருந்த குழந்தைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று இதுவரை ஒரு வரிகூட வந்து நான் பார்த்ததில்லை. அவர்களில் ஒருத்தி நான். வயது 49. எனக்கு ஆட்டிசம் என்று போன வருடம்தான் தெரிந்தது. கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் 24 வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன். தினசரி காலண்டர்தான் எங்களுக்கு முக்கிய வேலை. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதும் ஆர்டர்கள் வரத் தொடங்கிவிடும். அப்புறம் மார்கழி வரைக்கும் நிமிர நேரமிருக்காது. 365 தாளிலும் திதி, நட்சத்திரம், நல்ல நேரம், சந்திராஷ்டமம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமைத் தாளில் ராகு காலம் 7.30–9 என்று இருக்க வேண்டிய இடத்தில் சனிக்கிழமைக்கு உரிய 9–10.30 விழுந்திருந்தால், தாளைத் திருப்பும்போதே எனக்குக் கண்ணில் குத்தும். இந்த வேலையில் எனக்கு நல்ல பேர் உண்டு. அச்சகத்துக்கு வெளியே எனக்கு இருந்த பேர்கள் வேறு.

என் தங்கை மகனுக்கு ஆறு வயது. அவனை மதுரையில் ஒரு உளவியல் நிபுணரிடம் காட்டப் போனபோது துணைக்கு நானும் அம்மாவும் போனோம். அந்த நிபுணர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். ஆட்டிசத்தை மதிப்பிட இந்தியாவில் பயன்படுத்தும் படிவம் அது, மொத்தம் 40 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் எப்போதாவது, சில நேரம், அடிக்கடி, பெரும்பாலும், எப்போதும் என்று பதில் சொல்ல வேண்டும். பையன் தனியாகவே விளையாடுகிறானா, ஏதாவது ஒரு பொருளை விடாமல் வைத்திருக்கிறானா, வழக்கம் மாறினால் அடம் பிடிக்கிறானா, சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிறானா என்று கேட்டுக்கொண்டே போனார்கள். தங்கை அழுகையை அடக்கிக்கொண்டு பதில் சொன்னாள். பக்கத்தில் இருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இதுல என்ன இருக்கு டாக்டரம்மா, இவன் பெரியம்மாவும் சின்னப் பிள்ளையில இப்பிடித்தான்" என்றார். அடுத்த கேள்விக்கும் அதே பதில். அதற்கடுத்த கேள்விக்கும் அதேதான். "எங்க வீட்டுல இதெல்லாம் உள்ளதுதான். இவ வெடிச் சத்தத்துக்குப் பயந்து நெல்லுக் குதிருக்குப் பின்னால போயி ஒக்காந்துக்கிடுவா. இப்ப வேலைக்குப் போகலியா, குடும்பம் நடத்தலியா?"

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அப்போது முந்தானை நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் உள்ள எல்லாச் சேலைக்கும் அந்த ஒரு மூலை நைந்திருக்கும். சின்ன வயதில் இதற்காக விரலிலேயே அடி வாங்கியிருக்கிறேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சா நீங்களும் ஒரு நாள் வாங்கம்மா" என்றார். "எந்த நாள்?" என்று கேட்டேன். பிற்பாடுதான் தெரிந்தது, அந்தக் கேள்விகூட அவருக்கு ஒரு தகவல் என்று.

ஏனென்றால் எனக்குச் சொன்னது சொன்னபடிதான் புரியும். நம் ஊரில் யாரும் "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை, "போய்ட்டு வர்றேன்" என்றுதான் சொல்வார்கள். எனக்கு ஐந்து, ஆறு வயது இருக்கும். சாத்தூரிலிருந்து வந்த மாமா மத்தியானச் சாப்பாடு முடிந்து "போய்ட்டு வர்றேன் பாப்பா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார். நான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். விளக்கு வைக்கும் நேரம் ஆயிற்று. அம்மா வந்து கூப்பிட்டார், நான் எழுந்திருக்கவில்லை. மாமா வரவில்லை என்று சொன்னதும் நான் அழுத அழுகையைப் பற்றி இன்றைக்கும் வீட்டில் பேசுவார்கள். பிடிவாதக்காரி என்று அன்றைக்கு வைத்த பேர். எனக்கு மாமா மேல் அவ்வளவு பாசம் என்றும் சிலர் சொன்னார்கள். இரண்டும் சரியில்லை. வருகிறேன் என்றால் வருவார் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

கல்யாணம் ஆன புதிதில் மாமியார் "வேணும்னா செய், இல்லைன்னா விடு" என்பார். நான் விட்டுவிடுவேன். செய்யச் சொல்லித்தான் அப்படிச் சொன்னார் என்று புரிந்துகொள்ள எனக்கு நான்கு வருடம் ஆயிற்று.

என் மனதைவிட்டுப் போகாத விஷயம் ஒன்று உண்டு. எனக்கு யாரையும் கண்ணைப் பார்த்துப் பேச வராது. பார்த்தால் அவர் சொல்வது காதில் ஏறாது, கேட்க வேண்டும் என்றால் வேறு எங்காவது பார்க்க வேண்டும். பெண் பார்க்க வந்தபோது நான் தலையே நிமிரவில்லை. "இந்தக் காலத்துல இவ்வளவு அடக்கமான பொண்ணு எங்க கெடைக்கும்" என்று மாமியார் அந்த இடத்திலேயே பூ வைத்துவிட்டார். எட்டு மாதம் கழித்து அதே மாமியார் என் அம்மாவிடம், "மூஞ்சி குடுத்துப் பேசமாட்டேங்கிறா, அவ்வளவு திமிரு" என்று சொன்னார். நான் மாறவே இல்லை. அதே தலை, அதே குனிவு. மாமியார் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த சொற்கள் அந்த இரண்டும்தான்.

பெண் பிள்ளைகளை இப்படித்தான் தவற விடுகிறோம் என்று நினைக்கிறேன். பையன் யாருடனும் சேராமல் இருந்தால் யாராவது ஒருவர் கவலைப்படுவார். பெண் பிள்ளை மூலையில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் சமர்த்து என்று விட்டுவிடுவார்கள். மருத்துவர்கள் பார்த்ததும் முதலில் பையன்களைத்தான். 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் எழுதிய கட்டுரையில் இருந்த 11 குழந்தைகளில் 8 பேர் பையன்கள். அடுத்த வருடம் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதியதும் பையன்களைப் பற்றித்தான். சத்தம், வெளிச்சம், துணி உரசல் இவற்றைத் தாங்க முடியாத தன்மை 2013-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது.

சத்தம் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். ஆப்செட் மெஷின் பக்கத்தில் என்னால் நாள் முழுக்க இருக்க முடியும். அது ஒரே சீராக ஓடும், அடுத்த அடி எப்போது விழும் என்று தெரியும். தூக்கம்கூட வரும். ஆனால் குக்கர் விசில் திடீரென்று அடித்தால் அந்தச் சத்தம் பல்லுக்குள் இறங்குவது மாதிரி இருக்கும். பட்டாசுக்குப் பேர் போன ஊரில் பிறந்த எனக்கு இப்படி! தீபாவளி சமயத்தில் பாட்டி என் காதில் பஞ்சு வைத்து அதற்குமேல் துண்டைக் கட்டிவிடுவார். கூரைப்புடவையின் ஜரிகை இடுப்பில் அறுத்ததால் முகூர்த்தம் முழுக்க அழுதேன். பிறந்த வீட்டைப் பிரியும் அழுகை என்று எல்லோரும் கண் கலங்கினார்கள்.

என் கணவர் மிக்சி போடுவதற்கு முன்னால் அடுப்படியிலிருந்து "மிக்சி போடுறேன்" என்று ஒரு குரல் கொடுப்பார். நான் "ம்" என்று சொன்ன பிறகுதான் சுவிட்சைத் தட்டுவார். பதினைந்து வருடத்துக்கு மேலாக ஒரு நாளும் மறந்ததில்லை. ஆட்டிசம் என்ற சொல் அவருக்கு அப்போது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எங்காவது போவதாக இருந்தால் வியாழக்கிழமையே சொல்லிவிடுவார். இதைப் பார்த்து அவரை "பொண்டாட்டி தாசன்" என்று சொன்ன சொந்தக்காரர்கள் உண்டு.

அவருக்கும் தெரியாமல் நான் செய்துவந்தவை சில. கேஸ் ஆபீசுக்கு போன் பண்ணுவதாக இருந்தாலும், வீணான காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் என்ன சொல்ல வேண்டும், அவர்கள் என்ன கேட்பார்கள், அதற்கு என்ன பதில் என்று எழுதி வைத்துக்கொண்டுதான் பேசுவேன். கல்யாண வீட்டில் மற்ற பெண்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று பார்த்து நானும் சிரிப்பேன். எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுகூட எனக்கு ஒரு கணக்கு உண்டு. வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு நாள் படுத்துக்கிடப்பேன். "விசேஷத்துக்குப் போய்ட்டு வந்தா இவளுக்குத் திருஷ்டி பட்டுரும்" என்று அம்மா சுற்றிப் போடுவார். சின்ன வயதில் இருந்தே உள்ள தன்மைகளை, பிற்காலத்தில் கற்றுக்கொண்ட சமாளிப்புகள் மறைத்திருக்கலாம் என்று அந்த அமெரிக்கக் கையேட்டிலேயே இருக்கிறது என்று நிபுணர் சொன்னபோது, அந்த இருட்டு அறையைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அவரிடம் மூன்று தடவை போனேன். அம்மாவையும் வரச் சொல்லி என் சின்ன வயதைப் பற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்டார். அவசரப்பட்டு எதையும் சொல்லவில்லை. பதற்ற நோய் இருக்கிறவர்களும் கூட்டத்துக்குப் பயப்படுவார்கள், எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப அலைக்கழிக்கிற எண்ணச் சுழற்சி நோயும் (ஓசிடி) உண்டு, காது கேட்பதில் குறை இருந்தாலும் இப்படித் தோன்றலாம், எல்லாவற்றையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். ஆட்டிசத்தில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்பதையும் சொன்னார். அம்மா அன்றைக்கு விளையாட்டாகச் சொன்ன "எங்க வீட்டுல உள்ளதுதான்" சரியாகத்தான் போயிற்று.

தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னால், "இதெல்லாம் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்" என்கிறார்கள். ஆறுதலுக்காகத்தான் சொல்கிறார்கள் என்று தெரிகிறது. வெடி வெடித்தால் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்ததற்கு இரண்டு நாள் படுக்கையில் விலை கொடுக்கிறவர்கள் எல்லோரும் இல்லை. பழக்கம் என்னவென்று மட்டும் பார்த்தால் தெரியாது. அது எந்த வயதில் இருந்து இருக்கிறது, வீடு, பள்ளிக்கூடம், வேலை என்று எல்லா இடத்திலும் இருக்கிறதா, அதைச் சமாளிக்க அந்த ஆள் தினமும் எவ்வளவு செலவழிக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

இரண்டு கோரிக்கைகள். முதலாவது, பெரியவர்களைப் பற்றியும் எழுதுங்கள். நான் விவரம் கேட்க முதலில் போன ஒரு மருத்துவமனையில், முன்னால் உட்கார்ந்திருந்த பெண் "குழந்தை எங்கம்மா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றதும் மேலும் கீழும் பார்த்தார். நான் திரும்பி வந்துவிட்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் படித்ததெல்லாம் குழந்தைகளைப் பற்றித்தான். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. வயது வந்தவர்களுக்கு எங்கே மதிப்பீடு செய்கிறார்கள், மாவட்டத் தலைநகரங்களில் என்ன வசதி இருக்கிறது என்று உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுதினால் பலருக்கு வழி தெரியும்.

இரண்டாவது, சொற்கள். மெய்ப்புப் பார்க்கிறவள் என்பதால் இது எனக்கு உறுத்துகிறது. "மதியிறுக்கம்" என்று சில சமயம் எழுதுகிறீர்கள். அரசு அறிவிப்புகளை அப்படியே போடும்போது "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று வருகிறது. எனக்குப் புற உலகச் சிந்தனை இல்லாமல் இல்லை ஐயா. டியூப் லைட்டின் ரீங்காரம், பக்கத்து மேஜைக்காரரின் தலை எண்ணெய் வாசனை, ரவிக்கைப் பட்டியின் தையல் என்று புற உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் உள்ளே வருவதுதான் எனக்குப் பிரச்சினை. ஆட்டிசம் என்றே எழுதுங்கள். எல்லோருக்கும் புரிகிறது.

அச்சகத்தில் மேலாளரிடம் மட்டும் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மேஜையை மினுக்கிக்கொண்டிருந்த ஒரு டியூப் லைட்டுக்குக் கீழே மாற்றியபோது, எல்லோர் முன்னாலும் நான் சத்தம் போட்டு அழுததும், "வயசாக ஆக அடம் ஜாஸ்தியாகுது" என்று பேச்சு வந்ததும் அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒன்றும் பேசாமல் மறுநாள் மேஜையை ஜன்னல் பக்கம் போட்டுக் கொடுத்தார்.

தங்கை மகன் வாரக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வருகிறான். வந்ததும் என் முந்தானையின் நைந்த மூலையைத் தேடிப் பிடித்து உருட்ட ஆரம்பிப்பான். ஒரு பழைய சேலையில் அந்த மூலையை வெட்டி, ஓரம் தைத்து, அவன் சட்டைப் பையில் அடங்குகிற அளவுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோகிறான். கிளம்பும்போது அவனிடம் "போய்ட்டு வா" என்று மட்டும் சொல்வதில்லை. "அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு வா" என்கிறேன். தலையை ஆட்டிவிட்டுப் போகிறான்.

அவன் பள்ளிக்கூடத்தை நினைத்து என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊர் பெயரைப் போடலாம்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
சிவகாசி.