கல்லடுக்கிய கைகளை மறைக்கும் கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘அனுன்னாக்கி’ என்னும் வேற்றுக்கோள் இனத்தார் பூமிக்கு வந்து ஆதிமனிதருக்கு உழவையும் எழுத்தையும் கட்டடக்கலையையும் மறைவாக நின்று கற்றுக்கொடுத்தார்கள் என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வரும் நான் இருமுறை படித்தேன். கதை என்று போட்டிருந்தால் நானும் ரசித்திருப்பேன். ஆய்வில் கண்ட உண்மை என்று போட்டதோடு, அதற்குச் சான்றாக நாங்கள் வாழும் தென்னாப்பிரிக்காவின் கற்களையே காட்டியிருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தங்கம் தேடி ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இறங்கிய அவர்கள், சுரங்க வேலை தங்களால் முடியாமற்போகவே, இங்கிருந்த உயிரினம் ஒன்றோடு தங்கள் மரபணுவைக் கலந்து மனிதனை உண்டாக்கி வேலைக்கு விட்டார்கள் என்றும், இந்நாட்டின் ம்புமலாங்கா மாகாணத்து மலைச்சரிவுகளில் கிடக்கும் ஆயிரக்கணக்கான கல்வட்டங்கள் அவர்கள் விட்டுச்சென்றவை என்றும் கட்டுரை சொல்கிறது. இதை என் வகுப்புச் சிறுமி ஒருத்தி தமிழும் ஆங்கிலமுமாகச் சொல்லி முடித்துவிட்டு, அப்படியென்றால் மனிதர்கள் எல்லாருமே முதலில் கூலி வேலைக்காகத்தான் படைக்கப்பட்டார்களா என்று கேட்டாள். அவள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களின் ஐந்தாம் தலைமுறை. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைக்கு வந்தது முதல் 1911 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து அப்படிக் கொண்டுவரப்பட்டார்கள்; ‘கூலி’ என்ற நம்முடைய சொல்லையே இந்த நாட்டில் நம்மை ஏசும் சொல்லாக்கினார்கள். ஆகவே அந்தக் கேள்வியை விளையாட்டுப் பேச்சாக என்னால் தள்ளிவிட முடியவில்லை.

அந்தக் கல்வட்டங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஓரிக்ஸ்டாட் தொடங்கி கரோலினா வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் அவை, சுமார் 1500 முதல் 1820 வரை அங்கே உழுது வாழ்ந்த கோனி மக்களின் ஊர்கள். போகோனி என்பது அந்த நிலத்தின் பெயர். நடுவில் மாட்டுப்பட்டி, அதைச் சுற்றி வீடுகள், அதற்கப்பால் சரிவில் மண் அரித்துப் போகாதபடி கல்வரம்பு கட்டிய படிவயல்கள் என்று ஒவ்வோர் ஊரும் அமைந்திருக்கிறது. மாடுகள் மேய்ச்சலுக்குப் போகும் வழியில் பயிரில் வாய் வைத்துவிடாமல் இருக்க, பாதையின் இருபுறமும் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஒரு சுவரோரம் தானியம் அரைத்த கல் ஒன்று கிடந்தது. நடுவில் குழிந்திருந்த அந்தக் கல், என் பாட்டியின் அம்மியைப் போலவே, ஒரு பக்கம் மட்டும் சற்றுக் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. அதைக் கையால் தடவிப் பார்த்த பிறகு, அங்கே உட்கார்ந்து அரைத்தவள் ஒருத்தி இருந்தாள் என்பதை எந்தக் கட்டுரையாலும் என் மனத்திலிருந்து அகற்ற முடியாது.

இந்த ஆப்பிரிக்க மண்ணில் கட்டியவர்களின் பெயரை அழிப்பது புதிதும் அன்று. சுண்ணாம்போ காரையோ சேர்க்காமல் கருங்கல்லை மட்டும் அடுக்கி, 11 மீட்டர் உயரம் வரை சுவர் எழுப்பிய மகா சிம்பாப்வே என்ற பழைய கல்நகருக்கு (இன்றைய சிம்பாப்வே நாட்டில் உள்ளது) 1871இல் போன கார்ல் மௌச் என்ற ஜெர்மானியர், ஒரு வாயிலின் மேற்கட்டையிலிருந்து சிராய் ஒன்றைப் பெயர்த்தெடுத்து, அதன் நிறமும் மணமும் தம்முடைய பென்சிலின் தேவதாரு மரத்தைப் போல இருந்ததை வைத்து, இது லெபனானிலிருந்து வந்த மரம், ஆகவே இது பைபிளில் வரும் ஷீபா நாட்டு அரசியின் மாளிகை என்று முடிவு கட்டினார். 1905இல் ரேண்டல் மக்கைவரும் 1929இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்ப்சனும் அகழ்ந்து பார்த்து, அது ஆப்பிரிக்கர் கட்டியதே என்று நிறுவிய பிறகும், ரொடீசியா என்று அப்போது அழைக்கப்பட்ட அந்நாட்டின் வெள்ளை அரசு அந்த உண்மையைப் பரவவிடாமல் தடுக்கவே முயன்றது. அங்கு வாழும் ஷோனா மக்களின் முன்னோர் கட்டியது என்று ஒப்புக்கொண்டால், நாகரிகம் இங்கே எங்களோடுதான் வந்தது என்ற அவர்களுடைய வாதம் நிற்காது. அன்று ஷீபா அரசியை நிறுத்திய இடத்தில் இன்று வேற்றுக்கோளினரை நிறுத்துகிறார்கள். கட்டியவனுக்கு அன்றும் இடமில்லை, இன்றும் இடமில்லை.

அனுன்னாக்கி என்பது இன்றைய ஈராக்கில் வாழ்ந்த பண்டைய சுமேரியரின் தெய்வக் கூட்டத்துக்கு உரிய பழம்பெயர்தான். வாய்க்கால் வெட்டிக் களைத்த தெய்வங்கள், அந்தப் பாரத்தைச் சுமப்பதற்காகக் களிமண்ணால் மனிதனைச் செய்த கதையும் மெசப்பொட்டேமியாவின் களிமண் பலகைகளில் உண்டு. ஆயினும் அதில் விண்கலமும் இல்லை, ஆப்பிரிக்கத் தங்கமும் இல்லை. அவை 1970களில் அமெரிக்காவில் வெளியான ஒரு நூலில் வந்து சேர்ந்தவை. எழுத்தை அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள் என்பதும் பொருந்தவில்லை. கி.மு. 3300 வாக்கில் ஊருக் நகரில் தோன்றிய எழுத்து, பெரும்பாலும் பார்லியும் ஆடும் எத்தனை என்று குறித்துவைத்த கணக்காகவே இருந்தது; பேச்சை முழுவதுமாக எழுதும் நிலைக்கு வர அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. பிற்காலப் பள்ளிகளில் பயன்பட்ட, உள்ளங்கையில் அடங்கும் வட்டக் களிமண் வில்லைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஆசிரியரின் வரி திருத்தமாகவும், அதைப் பார்த்து மாணவன் எழுதிய வரி கோணல்மாணலாகவும் இருக்கும். வாரந்தோறும் நான் திருத்தும் நோட்டுகளும் அப்படித்தான் இருக்கின்றன. எகிப்தியரும் தவறு செய்துதான் கற்றார்கள்: தஷூரில் ஒரு பிரமிடைப் பாதி கட்டிய பிறகே அதன் சரிவைக் குறைத்தார்கள். அந்த வளைவு இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது.

கட்டுரையின் கடைசிப் பத்தி தஞ்சைப் பெரிய கோயிலையும் இந்தக் கணக்கில் சேர்த்தபோதுதான் எனக்கு மிகவும் வருத்தமாயிருந்தது. கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சனின் பெயரும், அங்கே பணிசெய்த தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட 400 ஆடல்மகளிரின் பெயரும், யாருக்கு எந்த வீடு என்பதும் அந்தக் கோயிலின் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. இதைத் தமிழ் நாளிதழ் ஒன்று மறந்தது சரியன்று.

என் கொள்ளுத்தாத்தா, வடகரையோரத் தோட்டம் ஒன்றில் பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றிலிருந்து கல் சுமந்து மாரியம்மனுக்குக் கோயில் கட்டியவர்களில் ஒருவர். அந்தக் கோயிலின் பலகையில் நிலம் கொடுத்த தோட்டக்காரரின் பெயர் மட்டுமே இருக்கிறது. சிறுவயதில் அதைப் படித்தபோது, நம் தாத்தா எங்கே என்று நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா அஸ்திவாரத்துக் கல்லைத் தொட்டுக் காட்டினாள்.

அந்தக் கல்வட்டங்கள் கோனி மக்களின் ஊர்கள் என்றும், தஞ்சைக் கோயிலைக் கட்டியவர்களின் பெயர் அங்கேயே இருக்கிறது என்றும், அடுத்த ஞாயிறு இணைப்பில் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். வெளியானால் அதை வெட்டியெடுத்துச் சென்று, கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையையே வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்வேன்.

இங்ஙனம்,
தமிழாசிரியை ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்