ஆண்டறிக்கை 2024–25: வளையத்தைப் படிப்போம், எழுதி அனுப்புவோம்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், கோடியக்கரை, கோடியக்காடு, அகஸ்தியம்பள்ளி ஊர்களிலிருந்து வந்திருக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்கும் மீனவ நண்பர்களுக்கும் வணக்கம். நம் பறவை ஆர்வலர் சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதற்குள் நான் போகவில்லை.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் இந்த ஆண்டும் கலந்துகொண்டோம். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் நமக்குக் கொடுத்த பகுதிகளை முடித்துக் கொடுத்தோம். இந்தியாவில் 1987 முதல் நடந்துவரும் கணக்கெடுப்பு அது. பட்டியல்கள் எல்லாம் பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இ-பேர்டில் ஏற்றப்பட்டுவிட்டன. ஒருமுறை எண்ணியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதே இடத்தில், அதே மாதத்தில், ஆண்டுதோறும் எண்ணினால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். எனவே ‘போன வருஷம் பார்த்த இடம்தானே’ என்று யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பருவத்தின் போக்கைத் தீர்மானித்தது மழை. நவம்பர் கடைசியில், பிறகு ஃபெங்கல் புயலாக மாறிய தாழ்வு மண்டலம் டெல்டாவில் கொட்டித் தீர்த்தது. சதுப்பில் தண்ணீர் ஏறியதும் குட்டைக்கால் பறவைகளுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. கொசு உள்ளானுக்கு விரற்கடை அளவு தண்ணீரும் அடியில் இளகிய சேறும் இருந்தால்தான் இரை கிடைக்கும். அவை உப்பள வரப்புகளில் வந்து ஒண்டிக்கொண்டன. தை பிறந்து தண்ணீர் வற்றத் தொடங்கிய பிறகே, சேறு தெரிந்த இடங்களிலெல்லாம் பழையபடி பரவின. பூநாரைகளுக்கும் நெடுங்கால் உள்ளான்களுக்கும் அந்தச் சிரமம் இல்லை.

இனி வளையமிடுதலுக்கு, அதாவது பறவையின் காலில் எண் பொறித்த வளையம் போட்டு அதன் பயணத்தை அறியும் பணிக்கு, வருகிறேன். இந்த அறிக்கையில் நான் அதிகம் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பறவைக்கு வளையம் போடுவது நம் சங்கம் அல்ல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிய அனுமதி பெற்ற ஆய்வாளர்கள்தான் வலை கட்டலாம், பறவையைக் கையில் எடுக்கலாம். வலைக் கம்பு சுமப்பது, சேற்றில் வழி காட்டுவது, விளக்குப் பிடிப்பது, அளவுகளைப் பதிவேட்டில் எழுதுவது ஆகியவற்றுக்கு மட்டுமே அவர்கள் நம் உறுப்பினர்களை அழைத்துக்கொள்கிறார்கள். இந்தப் பருவத்திலும் அப்படித்தான் உதவினோம்.

கரைப்பறவைகளுக்கு அமாவாசையை ஒட்டிய இருட்டுதான் தோது. நிலா வெளிச்சத்தில் வலையைக் கண்டு விலகிவிடும். நைலான் நூலில் பின்னிய மெல்லிய வலையை இரண்டு கம்புகளுக்கிடையே சேற்றின் மேல் கட்டிவைத்து, கடல் ஏற்றத்தில் பறவைகள் இடம்பெயரும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். விழுந்த பறவையைத் தாமதிக்காமல் எடுத்துத் துணிப்பையில் போடுவார்கள். பிறகு ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கழுத்து வரும்படி பிடித்து, பறவையின் முதுகு உள்ளங்கையில் படும்படி கிடத்துவார்கள். அலுமினிய வளையத்தைக் காலில் சுற்றி, இடுக்கியால் இரு முனையும் ஒட்டும்படி மூடுவார்கள். இடைவெளி விட்டால் அதில் நூலோ பாசியோ சிக்கிக் காலையே முடக்கிவிடும். வளையம் போட்டதும் இறக்கை நீளம், அலகு நீளம், எடை எல்லாம் எடுப்பார்கள். நெஞ்சு எலும்புக்கு மேலே ரோமத்தை ஊதி விலக்கி, தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்புச் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பங்குனியில் அந்த மஞ்சள் பளிச்சென்று தெரியும், புறப்படத் தயார் என்று பொருள். இருபது முப்பது கிராம் எடையுள்ள கொசு உள்ளான் இந்தக் கொழுப்பை எரித்துத்தான் சைபீரியாவின் வடகோடிக்குப் போய்ச் சேர்கிறது.

பள்ளி மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, இதை யார், எதற்குத் தொடங்கினார்கள் என்பது. எண் பொறித்த அலுமினிய வளையத்தை முறையாகப் பறவைக் காலில் போடத் தொடங்கியவர் டென்மார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்த மார்ட்டென்சென், ஆண்டு 1899. நம் நாட்டில் பெரிய அளவில் தொடங்கியது 1959இல், பறவையியலாளர் சாலிம் அலி முன்னின்று, உலக சுகாதார நிறுவனத்தின் நிதியுதவியோடு. அதற்குக் காரணம் ஒரு நோய். கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957இல் குரங்குகள் செத்து விழுந்து, மனிதர்களுக்கும் காய்ச்சல் கண்டது. உண்ணி பரப்பும் அந்தக் கிருமி ரஷ்யாவில் இருந்த ஒன்றைப் போலவே இருந்ததால், வலசைப் பறவைகளோடு உண்ணி வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. பறவை எங்கிருந்து வருகிறது என்று அறிய வளையம் தேவைப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் அந்தப் பணியைத் தொடர்ந்து செய்தது. 1980களில் நம் கோடியக்கரை அதன் முக்கியமான களங்களில் ஒன்றாக இருந்தது. முனைவர் எஸ். பாலச்சந்திரன் பல ஆண்டுகள் இங்கே தங்கி அந்தப் பணியில் ஈடுபட்டவர். அந்தக் காலத்தில் சேற்றை மூடிக்கொண்டு இறங்கிய கரைப்பறவைக் கூட்டம் இன்று இல்லை என்பதைப் பெரியவர்கள் மட்டும் சொல்லவில்லை, அந்த நெடுங்கால ஆய்வும் சொல்கிறது. சதுப்புக்கு வரும் நன்னீர் குறைந்ததும், உப்பளங்கள் விரிந்ததும், அதனால் தண்ணீரின் உப்புத்தன்மை மாறிப் புழு பூச்சிகள் அருகிப்போனதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

வளையம் போட்டதோடு வேலை முடிவதில்லை, இன்னொருவர் கண்ணில் பட்டு, அவர் எழுதிப் போட்டால்தான் அது செய்தியாகிறது. வலை கட்டுவது சிலருக்கு மட்டுமே உரியது, படித்துச் சொல்வது ஊருக்கே உரியது. நம் சங்கத்தின் பங்கு இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

மாசி மாதம், பாத்தி மிதிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, அகஸ்தியம்பள்ளி உப்பளத் தொழிலாளர் ஒருவர் நம் துணைச் செயலாளரை வீட்டுக்கு அழைத்துப்போய் ஒரு வெற்றிலைப் பெட்டியைத் திறந்து காட்டினார். பழைய ரேஷன் அட்டைக்கடியில் பழுப்பேறிய ஒரு வளையம். அவருடைய அப்பா காலத்தில் வரப்பில் செத்துக்கிடந்த பறவையின் காலில் இருந்ததாம். உப்பில் தேய்ந்து எண் சரியாகத் தெரியவில்லை. வளையத்தை விரித்து, மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது ‘பம்பாய்’ என்ற ஆங்கில எழுத்துகளும் சில இலக்கங்களும் எழும்பி வந்தன. எண்ணையும் இடத்தையும் உரிய முகவரிக்கு அனுப்பியிருக்கிறோம். பதில் வந்ததும் முதலில் அவருக்குத்தான் சொல்வோம்.

இத்தனை ஆண்டுகளாக ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “நாங்கதான் அடிச்சோம்னு கேஸு போட்டுட்டா என்ன தம்பி பண்றது?” இந்தப் பயம் அவர் ஒருவருக்கானதல்ல. டெல்டாவில் மழைக்காலத்தில் கொக்கு, மடையான் பிடித்து விற்பது இன்னும் நிற்கவில்லை. அதைத் தடுக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் செத்த பறவையின் காலில் வளையத்தைக் கண்டெடுத்தவர் நம்மை நம்பிக் கொண்டு வரும்போது, அவரைக் குற்றவாளி போலக் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது. எண், தேதி, இடம், பறவை இருந்த நிலை, இவ்வளவு போதும். உயிரோடு இருக்கும் பறவையிடமிருந்து வளையத்தைக் கழற்றவே வேண்டாம், எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு விட்டுவிட வேண்டும். இதைத் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கையாக அச்சிட்டு உப்பளங்களிலும் மீன் ஏலக் கூடத்திலும் டீக்கடைகளிலும் கொடுத்திருக்கிறோம்.

இப்போது உலோக வளையத்தோடு வண்ணப் பிளாஸ்டிக் கொடியும் கட்டுகிறார்கள். நாட்டுக்கு நாடு, இடத்துக்கு இடம் நிறச் சேர்க்கை வேறு. அதில் எழுத்தும் எண்ணும் இருப்பதால் பறவையைப் பிடிக்காமலேயே தொலைநோக்கியில் படித்துவிடலாம். சொல்வதுதான் எளிது. பம்ப் ஹவுஸ் பக்கம் நம் இளைஞர்கள் இருவர், கொடி கட்டிய வளைமூக்கு உள்ளான் ஒன்றைக் காலையில் கண்டார்கள். கொடி இருந்த காலை வயிற்று ரோமத்துக்குள் செருகிக்கொண்டு அது ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருந்தது. வெயில் ஏற ஏறக் கானல் எழும்பி உருவமே நெளிந்தது. கிட்டே போனால் கூட்டம் முழுவதும் எழும்பிவிடும் என்பதால் இருவரும் வரப்பில் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். தண்ணீர் ஏறி நனைத்த பிறகுதான் அது காலைக் கீழே ஊன்றியது. இருவரும் தனித்தனியே எழுதிய எழுத்துகள் ஒத்துப்போன பிறகே பதிவு செய்தோம். இந்தப் பொறுமைக்காக அவர்களைப் பொதுக்குழு பாராட்ட வேண்டும்.

படம் எடுக்க வருபவர்களில் சிலர், பறக்கும் காட்சி வேண்டும் என்பதற்காக, ஓய்வெடுக்கும் கூட்டத்தைக் கல்லெறிந்தும் கைதட்டியும் கிளப்பிவிடுவதைப் பார்த்தோம். இது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. ஏற்றம் வற்றும்வரை ஓய்ந்திருந்து சேர்த்துவைக்க வேண்டிய கொழுப்பை அந்தப் பறவைகள் வீணே இழக்கின்றன. நம் உறுப்பினர் யார் இதைச் செய்தாலும் உறுப்பினர் நீக்கம்வரை போகலாம் என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. அதைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

காட்டுப் பகுதியைப் பற்றிச் சிறிது. ஐப்பசியில் ஆறுமணிக் குருவியின் குரல் கேட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த பெரிய மரங்களின் இடத்தில் இன்னும் வெட்டவெளிதான் இருக்கிறது. உதிர்ந்த இலைகளைப் புரட்டி இரை தேடும் அந்தப் பறவை வெட்டவெளியில் தங்காது. இது குறித்து வனத்துறைக்கு நாம் என்ன எழுதலாம் என்பதை உறுப்பினர்கள் விவாதிக்க வேண்டும்.

வரும் கோடையில் புதிதாக ஒரு வேலையைத் தொடங்க விரும்புகிறோம். முதல் ஆண்டுக் குஞ்சுகளில் பல வடக்கே திரும்பாமல் இங்கேயே தங்கிவிடும். வைகாசி, ஆனி வெயிலில் யாரும் எண்ணாததால் அவற்றின் கணக்கு நம்மிடம் இல்லை. அதிகாலையில் வர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். தொலைநோக்கியின் முக்காலி ஒன்று பழுதாகி இருக்கிறது. அதைச் சரிசெய்யும் செலவுக்கும், துண்டறிக்கையின் அடுத்த அச்சுக்கும் ஒப்புதல் தருமாறு கேட்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்